சிங்கராஜாவும் எங்கள் பாலைக் காடும்: கேள்வி பதில்

இலங்கையின் தென்மேற்கிலுள்ள சிங்கராஜா மழைக்காட்டுக்குப் போய்வந்து படங்களைக் காட்டியதிலிருந்து, இங்கே திருகோணமலைப் பக்கத்தில் ஆளுக்கொரு கேள்வி. உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை, ஒரே இருப்பில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி (உவர்மலை): சேர், கன்னியா பக்கத்துக் காடும் வருஷம் முழுக்கப் பச்சையாகத்தான் நிற்கிறது. அதையும் மழைக்காடு என்று சொல்லலாமா?

இல்லை தம்பி. அது என்றும்பசுமைக் காடு, அதில் சந்தேகமில்லை. ஆனால் உலர்வலயக் காடு. எங்களுக்கு ஆண்டு மழை 1,600 மி.மீ. அளவில்தான். அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு கச்சான் என்கிற வரண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மண் வெடித்துக் கிடக்கும். சிங்கராஜாவில் 3,600 முதல் 5,000 மி.மீ. வரை பெய்கிறது. தொகையைவிட முக்கியம், அங்கே மழையே இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. அங்குள்ள மரத்துக்குத் தண்ணீர்க் கவலை இல்லை, வெளிச்சக் கவலைதான். அதனால் உயரத்துக்குப் போட்டி. 30, 40 மீட்டர் வரை ஏறி நிற்கின்றன. எங்கள் பாலை, வீரை மரங்களுக்குக் கவலை தண்ணீர். தோல் போன்ற தடித்த இலையை வைத்துக்கொண்டு, வேரை ஆழத்துக்கு விட்டு, குட்டையாக நின்று கோடையைக் கடத்துகின்றன. பச்சை ஒன்று, காரணம் வேறு.

இந்தக் காட்டைப் 'பற்றை' என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். கருங்காலியும் முதிரையும் நிற்கிற இடம் பற்றையா?

கேள்வி (நிலாவெளி): என்றும்பசுமை என்றால் இலை விழாதா?

விழும். மழைக்காட்டில் தினமும் விழும். எல்லா மரமும் ஒன்றாகச் சேர்ந்து கொட்டுவதில்லை, அவ்வளவுதான்.

கேள்வி (தம்பலகாமம்): அவ்வளவு பெரிய மரங்கள் வளர்கிற மண் நல்ல மண்ணாகத்தானே இருக்கவேண்டும்? அங்கே மரக்கறி போட்டால் எப்படி வரும்?

ஐயா, இந்த நினைப்பினாலேயே உலகத்தில் எத்தனையோ காடு போய்விட்டது. மழைக்காட்டு மண் பெரும்பாலும் வறிய மண். காலங்காலமாகப் பெய்த மழை சத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியிருப்பது இரும்பும் அலுமினியமும் மிகுந்த, புளிப்பான சிவந்த மண். சத்தெல்லாம் நிற்கிற மரத்தில்தான் இருக்கிறது. இலை விழும். ஈரமும் சூடும் சேர்ந்த இடம் என்பதால் கறையானும் பூஞ்சணமும் சில மாதங்களில் அதை உக்கவைத்துவிடும். வேர்கள் மேல்மண்ணிலேயே வலை போலப் பரந்து கிடக்கின்றன. அவற்றோடு ஒட்டி வாழும் பூஞ்சண இழைகள், வெளிவருகிற சத்தைக் கீழே இறங்க விடாமல் பிடித்து மரத்துக்குக் கொடுத்துவிடும். சம்பளம் வந்த அன்றைக்கே கைமாறிப் போகிற வீடு மாதிரி. பெட்டியில் சேமிப்பு கிடையாது. அங்கே சருகைக் காலால் விலக்கிப் பார்த்தேன். மெல்லிய கருமண், அதற்குக் கீழே செங்கல் நிறம்.

வெட்டி எரித்தால் சாம்பலில் முதல் ஓரிரு போகம் நன்றாக வரும். காட்டை எரித்துச் சேனைப் பயிர் செய்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். அடுத்தடுத்த மழை அந்தச் சாம்பலை ஆற்றுக்குக் கொண்டுபோனதும் கதை முடிந்தது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்கிற உங்கள் வயலோடு அதை ஒப்பிடவே கூடாது.

கேள்வி (கிண்ணியா): சேர், சிங்கராஜா பக்கத்துத் தெனியாயவிலிருந்து ஹோரா என்கிற மழைக்காட்டு மரத்தின் விதை கொண்டுவந்து ஒரு மாதம் காயவைத்துத்தான் நட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பழுதான விதையா?

விதை நல்ல விதைதான், காயவைத்ததுதான் பிழை. ஹோராக் காய்க்கு இரண்டு செட்டை. சுழன்று விழுந்த சூட்டோடு முளைக்கப் பார்க்கும். அதை நெல்லைப் போல உலர்த்தி வைக்கமுடியாது, காய்ந்தால் செத்துவிடும். எப்போதும் ஈரமான தரையில் விழுகிற விதைக்கு உறங்கிக் கிடக்க என்ன தேவை? அங்கே காத்திருப்பது நாற்று. காட்டுத் தரைக்கு வந்து சேர்கிற வெளிச்சம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அந்த இருட்டில் முழங்கால் உயரக் கன்று ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். பக்கத்தில் ஒரு பெரிய மரம் சரிந்து வானம் திறந்த பிறகுதான் அதன் ஓட்டம் தொடங்கும்.

ஆகவே முழுக்க வழித்தெடுத்த இடத்தில் இந்த மரங்கள் தானாகத் திரும்புவது கடினம். 1970களில் சிங்கராஜாவிலும் ஒட்டுப்பலகைக்காக இயந்திரம் வைத்து வெட்டினார்கள். எதிர்ப்புக் கிளம்பி அது நின்றது. 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. காட்டின் விளிம்பில் நட்டிருந்த பைன் தோட்டத்தில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக ஆகியோரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். சில பைன் வரிசைகளை அகற்றி, மிச்ச நிழலில் மழைக்காட்டுக் கன்றுகளை நட்டார்கள். வெறும் வெயிலில் கருகிப்போகிற கன்றுகள் அங்கே எழும்பின. பைனை எனக்குப் பிடிக்காது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் மன்னிக்கிறேன்.

உங்களுக்குக் கன்றாகவே கிடைத்தாலும் கிண்ணியாவின் ஜூலை அதை விடாது தம்பி. பேசாமல் வளவில் ஒரு பாலை நடுங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு, மாணவி): அமேசன் காடு உலகத்துக்கு 20 வீதம் ஒட்சிசன் கொடுக்கிறதாமே?

மகள், பரீட்சையில் எழுதிவிடாதே. பகலில் மரம் விடுகிற ஒட்சிசன், அதே மரங்கள் சுவாசிப்பதிலும் சருகு உக்குவதிலும் ஏறக்குறைய முழுக்கச் செலவாகிவிடும். மிச்சம் பூச்சியத்துக்குப் பக்கத்தில். அமேசனின் பெருமை, காபனைப் பிடித்து வைத்திருப்பதிலும் மழையைச் சுற்றவிடுவதிலும் இருக்கிறது. அத்திலாந்திக்கிலிருந்து வந்த ஈரம் மழையாக விழும். மரங்கள் அதை இலை வழியே மறுபடி ஆவியாக்கும். காற்று மேற்கே தள்ளிப்போய் இன்னொரு மழை பெய்விக்கும்.

கேள்வி (மூதூர்): சிங்கராஜா அழிந்தால் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வராதா?

அந்தத் தண்ணீர் ஜின் கங்கைக்கும் களு கங்கைக்கும் போகிறது, எங்களுக்கு இல்லை. கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிற மகாவலி 335 கி.மீ. ஓடிவருவது மலைநாட்டிலிருந்து. நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த மலைக்காடுகளைப் பற்றி. உச்சிகளில் மூடுபனி மரங்களில் பட்டு, பாசியில் ஊறி, சொட்டுச்சொட்டாக இறங்குகிறது. மழை பெய்யாத நாளிலும் ஓடைக்கு வருகிற தண்ணீர் அது. மகாவலியின் கிளையான வெருகலில் குளிக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (அலஸ்தோட்டம்): நாங்கள் போனபோது ஒரு மணிநேரம் ஒரு பறவையும் இல்லை. பிறகு முப்பது நாற்பது ஒன்றாக வந்தன. அது எப்படி?

அதிர்ஷ்டசாலி. அது கலப்புக் கூட்டம், பல இனங்கள் சேர்ந்து இரை தேடுவது. பேராசிரியர் சரத் கொட்டகமவும் மற்றவர்களும் 1980களின் தொடக்கத்திலிருந்து இதைப் பார்த்து எழுதிவருகிறார்கள். சிலம்பன்கள் சளசளத்துக்கொண்டு நடுவில் போகும். கிளறுவதில் கிளம்புகிற பூச்சியைக் கொண்டைக் கரிச்சான் பறந்து பிடிக்கும். பதிலுக்குக் காவலும் அதுவே. மற்றப் பறவைகளின் குரலில் கத்திக் கூட்டம் சேர்க்கவும் தெரியும். பொல்லாத பறவை.

கேள்வி (பலர்): இரத்தம் குடிக்கிற அட்டைக்கு என்ன செய்தீர்கள்?

காலுறைக்கு வெளியே சவர்க்காரம் தேய்த்தேன். மழை வந்து கழுவிவிட்டது. பிறகு எண்ணுவதையும் விட்டுவிட்டேன்.