உளுந்து வயலில் முட்டை, கொல்லையில் சாரை: வாசகர் கேள்வி பதில்

பங்குனி பிறந்ததும் வாலாட்டிகளும் சோளக்குருவிகளும் வடக்கே கிளம்பத் தொடங்கிவிடும். இனி ஐப்பசி வரை பார்க்க என்ன இருக்கிறது என்று சிலர் பைனாகுலரைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களைப் படித்தால் அப்படி வைக்க மனம் வராது. கூடு, முட்டை, குஞ்சு, சண்டை எல்லாம் இப்போதுதான் நடக்கிறது, அதுவும் நம் வாசலிலேயே.

உளுந்து எடுத்தாயிற்று, கோடை உழவுக்கு டிராக்டரும் சொல்லிவிட்டேன். நேற்று பார்த்தால் வயல் நடுவில், வெறும் தரையில் நான்கு முட்டை. கிட்டே போனால் ஒரு பறவை தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. முட்டையை எடுத்து வரப்பில் வைத்துவிடலாமா?
விவசாயி, மன்னார்குடி

எடுக்க வேண்டாம் ஐயா. நீங்கள் பார்த்தது ஆட்காட்டி. கண்ணுக்கு முன்னால் சிவப்பாகச் சதை இருந்தால் சிவப்பு மூக்கு ஆட்காட்டி, அந்தச் சதை மஞ்சளாக இருந்தால் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி. இரண்டுமே இந்த வெயில் காலத்தில்தான் திறந்த தரையில் முட்டையிடும். கூடு என்று பெரிதாக எதுவும் கட்டாது, லேசாகக் குழி பறித்து ஓரத்தில் சின்னக் கல், ஆட்டுப் புழுக்கை என்று கிடைத்ததை வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மண் நிறத்தில் கறுப்புத் திட்டுத் திட்டாக இருக்கும் முட்டை ஒரு முழ தூரத்தில் இருந்தாலே கண்ணுக்குத் தெரியாது, அதுதான் அதன் பாதுகாப்பு. தூக்கி வேறு இடத்தில் வைத்த முட்டையை அது தேடிப் போய் அடைகாக்கும் என்று நம்ப முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முட்டை இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு பத்தடி மட்டும் உழாமல் விட்டுவிடுங்கள். டிராக்டர் ஓட்டுபவருக்குத் தெரிய நான்கு மூலையிலும் குச்சி நட்டுத் துணி கட்டலாம், ஆனால் உழவு முடிந்த கையோடு அதைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் காகத்துக்கும் நாய்க்கும் நாமே இடம் காட்டிக் கொடுத்ததாகிவிடும். அடைகாக்கும் காலம் நான்கு வாரத்துக்குக் கொஞ்சம் கூட, ஒரு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சு பொரிந்த சில மணி நேரத்திலேயே எழுந்து ஓட ஆரம்பித்துவிடும், வாயில் இரை ஊட்டும் வேலைகூடத் தாய்க்குக் கிடையாது. மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12ல் திறந்தாலும் அதற்குள் இடம் காலியாகியிருக்கும், அந்தத் துண்டையும் சேர்த்துக் குறுவைக்கு உழுதுகொள்ளலாம்.

முடிந்தால் ஒரு மதிய வேளையில் தூரத்து மரத்தடியில் உட்கார்ந்து அதைப் பாருங்கள். வாய்க்காலில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் நிற்கும். நாற்பது டிகிரி வெயிலில் முட்டைக்குத் தேவை சூடு அல்ல, குளிர்ச்சி. ஆணும் பெண்ணும் முறை மாற்றி இந்த வேலையைச் செய்யும். எனக்குத் தெரிந்து கோடையில் பார்க்கக் கிடைக்கும் காட்சிகளில் இதைவிட நல்லது அதிகம் இல்லை.

மாட்டுக்குப் பின்னாலேயே திரியும் வெள்ளைக் கொக்குகளில் சிலவற்றுக்குத் தலையும் கழுத்தும் காவி நிறமாகிவிட்டது. நோயா, அல்லது யாராவது சாயம் பூசினார்களா?
வாசகர், ஆத்தூர்

இரண்டும் இல்லை. உண்ணிக்கொக்குக்கு இனப்பெருக்க காலத்தில் அந்த நிறம் வரும், பருவம் முடிந்ததும் பழையபடி வெள்ளையாகிவிடும். பக்கத்துக் குட்டையில் மடையான் நின்றால் அதையும் பாருங்கள், முதுகு கருஞ்சிவப்பாக மாறியிருக்கும்.

எங்கள் தெரு வேப்ப மரத்தில் ஒரு காகம், புள்ளியும் வரியுமாக இருக்கிற ஒரு பறவைக்கு வாயில் ஊட்டுகிறது. அது குயில் குஞ்சுதானே? காகத்துக்கு இத்தனை அறிவிருந்தும் ஏமாறுவது எப்படி? அப்புறம், விடியற்காலை நாலு மணிக்கே குயில் கத்தத் தொடங்கிவிடுகிறது. ஏன்?
ஆசிரியை, கரூர்

குயில் குஞ்சுதான், பெண் குஞ்சாக இருக்க வேண்டும். ஆண் குஞ்சு கறுப்பாக இருப்பதால் தூரத்தில் இருந்து பார்ப்பவர்கள் காகக் குஞ்சு என்றே நினைத்துவிடுவார்கள்.

காகம் ஏமாறுவதற்கு முக்கியக் காரணம் நாள் கணக்கு. குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும், காக முட்டைக்கு 16 நாளாவது ஆகும். முதலில் வெளியே வந்து வாயைத் திறக்கும் குஞ்சுக்குத்தான் முதல் இரை. வாயைத் திறந்து கத்துகிற குஞ்சு எதிரே இருந்தால் ஊட்டிவிடு என்பது தாய்ப் பறவைக்கு உள்ளேயே இருக்கிற உந்துதல், அது அந்த நேரத்தில் நிறத்தையும் உருவத்தையும் சோதித்துக்கொண்டிருக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேறு சில குயிலினங்களின் குஞ்சுகள் வீட்டுக்காரரின் முட்டையை முதுகால் தள்ளிக் கீழே போட்டுவிடும். நம் ஊர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை, ஒரே கூட்டில் காகக் குஞ்சோடு சேர்ந்து வளர்வதும் உண்டு.

கூவுவது ஆண். இடம் என்னுடையது, துணை தேவை என்று இரண்டு செய்தி அந்தக் கூவலில் இருக்கிறது. காற்றும் வண்டிச் சத்தமும் அடங்கிய விடியற்காலையில் அது தொலைதூரம் கேட்கும். உங்கள் தூக்கம் கெடுவது உண்மைதான், ஆனால் ஆடி தாண்டினால் தானாகவே குறைந்துவிடும். குயில் எங்கும் போய்விடாது, மரத்திலேயேதான் இருக்கும், வாயை மட்டும் மூடிக்கொள்ளும்.

கொல்லையில் இரண்டு பாம்பு பின்னிப் பிணைந்து ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றன. சாரையும் நல்லபாம்பும் சேருகின்றன, புது வேட்டியை மேலே போடு, அதிர்ஷ்டம் என்று அப்பத்தா சொன்னார். போடவில்லை. அது உண்மையா?
கல்லூரி மாணவர், அருப்புக்கோட்டை

போடாமல் விட்டது நல்லது. அவை இரண்டும் சாரை, இரண்டும் ஆண். நடந்தது மல்யுத்தம். ஒன்றின் தலையை மற்றொன்று கீழே அழுத்தப் பார்க்கும், அதனால்தான் முன் உடம்பைத் தூக்கித் தூக்கி முறுக்கிக்கொள்ளும். கடிக்காது. தோற்றது விலகிப் போய்விடும். வெயில் காலத்தில், பெண் சாரை அருகில் இருக்கும் நாட்களில் இது நடக்கும். சாரையும் நல்லபாம்பும் இணை சேர்வது கிடையாது. நல்லபாம்பு வேறு குடும்பம், பல சமயம் மற்ற பாம்புகளைத் தின்றும் விடும்.

சாரைக்கு விஷம் இல்லை, உங்கள் வீட்டு எலிகளைக் குறைப்பது அதுதான். அடுத்த முறை பார்த்தால் அப்பத்தாவையும் கூப்பிட்டு, தள்ளி நின்று முழுச் சண்டையையும் பாருங்கள். அவர் நிச்சயம் ரசிப்பார்.

பள்ளி விடுமுறை விட்டாயிற்று. மே மாதம் பிள்ளைகளை வேடந்தாங்கல் கூட்டிப்போகலாமா?
வாசகி, தாம்பரம்

கிளம்பும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். கார்த்திகையில் தொடங்கும் கூட்டம் சித்திரையில் தண்ணீர் வற்ற வற்றக் கலைந்துவிடும், பல ஆண்டுகளில் மே மாதம் வெறும் மரங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அங்கே போனால் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து வைத்திருந்த அந்த ஊர்க்காரர்கள், யாரும் சுடக் கூடாது என்று 1798லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கிவிட்டார்கள்.

தெற்கே வர முடிந்தால் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தைச் சொல்வேன். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்தோடு நிற்காமல் ஊருக்குள்ளே, வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் கோடையிலும் குஞ்சுகளைப் பார்க்கலாம். எச்சம் வாசலெல்லாம் விழும், வாடை அடிக்கும், ஊர்க்காரர்கள் அதைப் பொறுத்துக்கொண்டு தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். வேடந்தாங்கல், கூந்தன்குளம் இரண்டும் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலான ராம்சர் பட்டியலில் உள்ளன. எங்கே போனாலும் காலை ஏழு மணிக்குள் அங்கே இருங்கள், பத்து மணிக்கு மேல் பறவையும் ஒதுங்கிவிடும், பிள்ளைகளும் சிணுங்கிவிடும்.

கார்த்திகையிலிருந்து தினமும் காலையும் மாலையும் தோட்டத்தில் இரட்டை விசில் கேட்கும். பச்சை முதுகு, நீலச் சிறகு, சிவந்த அடிவயிறு, குட்டை வால். இப்போது சத்தமே இல்லை. பூனை பிடித்திருக்குமோ?
வாசகர், திருச்சி

கவலை வேண்டாம், ஊருக்குப் போயிருக்கிறது. அது ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இங்கே பனிக்காலத்துக்கு மட்டும் வருவது. சித்திரை வாக்கில் வடக்கே கிளம்பி, மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் மழைக்காலத்தில் கூடு கட்டும். ஐப்பசி போல் திரும்பி வரும். இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய் வீட்டுக்குள் விழுவதும் உண்டு. அப்படி வந்தால் காற்றோட்டமான அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தம் இல்லாமல் வைத்திருந்து, தெளிந்ததும் மரம் செடி உள்ள இடத்தில் விட்டுவிடுங்கள். உங்கள் தோட்டத்தில் உதிரும் இலையைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள், அதைக் கிளறித்தான் அது புழு பூச்சி தேடும்.

மாடிப்படியில் ஒரு மைனாக் குஞ்சு. இறகு வந்துவிட்டது, பறக்கத் தெரியவில்லை. மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே?
அடுக்கக வாசி, சென்னை

சேர்க்கும். கை வாசனையை வைத்துத் தாய் குஞ்சைத் தள்ளாது. இறகு முளைத்த குஞ்சு கூட்டை விட்டு இறங்கி ஓரிரு நாள் தத்தித் தத்திப் பழகுவது இயல்பு, தாயும் தகப்பனும் எங்கோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பாலோ சோறோ கொடுக்காதீர்கள். சொட்டு சொட்டாகத் தண்ணீரும் வாயில் விடாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். மெதுவாக எடுத்து அருகிலேயே நிழலான செடிக்குள், தரையில் இருந்து உயரமாக வைத்துவிட்டு, நீங்கள் உள்ளே போய் ஜன்னல் வழியாகப் பாருங்கள். குடியிருப்பில் பூனை, நாய் வளர்ப்பவர்களிடம் அன்றைக்கு மட்டும் கட்டி வைக்கச் சொல்லுங்கள். இறகே முளைக்காத குஞ்சாக இருந்தால் கூட்டைத் தேடி அதிலேயே திருப்பி வைக்க வேண்டும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.