கிரியாட்டினின் நார்மல் என்றால் கிட்னிக்கு ஒன்றும் இல்லையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. 11 வருடமாகச் சுகர் இருக்கிறது. பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். நான் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறேன். வயது 25. போன மாதம் டெஸ்ட் எடுத்ததில் கிரியாட்டினின் 1.0, நார்மல் என்று போட்டிருந்தது. ஆனால் யூரின் ஏ.சி.ஆர். என்ற டெஸ்டில் 146 வந்தது. பிபி 138/86. டாக்டர் டெல்மிசார்டன் எழுதிக் கொடுத்து, "கிட்னிக்காக" என்றார். கிரியாட்டினின் நார்மலாக இருக்கும்போது எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. "இங்கிலீஷ் மாத்திரை தின்றுதான் கிட்னி போகிறது" என்று ஊரில் சொன்னதைக் கேட்டு அம்மா அதை நிறுத்திவிட்டார். சுகர் மாத்திரையையும் பாதியாக்கிவிட்டார். இப்போது யாரோ கொடுத்த மூலிகைப் பொடி சாப்பிடுகிறார். முட்டி வலிக்கு மட்டும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொள்கிறார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது 146 அல்ல, கடைசிக்கு முந்தின வரி. கிட்னியைக் காக்கும் மாத்திரையை அம்மா நிறுத்திவிட்டார். கிட்னியைக் கெடுக்கக்கூடியதைத் தொடர்கிறார். அதற்கு வருகிறேன். முதலில் அந்த இரண்டு எண்களைப் பார்ப்போம்.

அம்மா ராகி மாவு சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாவு கீழே விழும், தவிடு சல்லடையில் நிற்கும். சல்லடைக் கண் கொஞ்சம் கிழிந்தால் மாவோடு தவிடும் விழ ஆரம்பிக்கும். கிட்னிக்குள் இப்படி லட்சக்கணக்கான பொடிச் சல்லடைகள் இருக்கின்றன. ரத்தத்தில் கழிவு கீழே போக வேண்டும், அல்புமின் என்ற புரதம் மேலேயே நிற்க வேண்டும். பல வருடம் சுகரும் பிபியும் சேர்ந்து அடிக்கும்போது கண் விரிந்து அல்புமின் சிறுநீரில் இறங்குகிறது. அதைத்தான் ஏ.சி.ஆர். அளக்கிறது. 30க்குக் கீழே இருந்தால் சரி. 30 முதல் 300 வரை கசிவு ஆரம்பித்துவிட்டது. 300க்கு மேல் போனால் கசிவு அதிகம். அம்மா நடுவில் இருக்கிறார். இந்தக் கட்டத்தில் வலி இருக்காது, கால் வீங்காது. சிறுநீரில் நுரைகூடப் பெரும்பாலும் தெரியாது. நுரைக்கும் வீக்கத்துக்கும் காத்திருந்தால் நல்ல காலம் முழுக்கக் கைவிட்டுப் போயிருக்கும்.

கிரியாட்டினின் வேறு கதை. கழிவு ரத்தத்தில் தேங்குகிறதா என்றுதான் அது சொல்லும். கிட்னியின் சக்தி பாதி குறையும்வரைகூட அந்த எண் நார்மல் என்ற கட்டத்துக்குள்ளேயே நிற்க முடியும். அதனால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை இ.ஜி.எஃப்.ஆர். என்று கணக்குப் போடுகிறோம். அதே 1.0 உங்களுக்கு வந்திருந்தால், 25 வயது ஆணுக்கு, ஏறத்தாழ 107. உங்கள் அம்மாவுக்கு 67தான். லேப் தாளில் இரண்டு பேருக்கும் "நார்மல்" என்றே அச்சாகியிருக்கும். அம்மாவின் 67 பயப்பட வேண்டிய எண் அல்ல. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால்தான் அந்த எண்ணை மட்டும் வைத்துக் கிட்னி நோய் என்போம். ஆனால் 67உம் 146உம் சேர்ந்து நிற்கும்போது கவனிக்காமல் விடக் கூடாது.

ஒரு டெஸ்டோடு முடிவு கட்டவும் வேண்டாம். காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிலக்கு, முந்தின நாள் கடும் வேலை, சுகரோ பிபியோ எக்கச்சக்கமாக ஏறியிருப்பது, இவற்றாலும் அல்புமின் கூடும். தக்காளி பறிப்புக்குப் போய் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த மறுநாள் டெஸ்ட் எடுக்காதீர்கள். காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர் நல்லது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, இரண்டில் கூடுதலாக இருந்தால் உறுதி.

இனி மாத்திரை. டெல்மிசார்டன் பிபி மாத்திரைதான், ஆனால் அது சல்லடைக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைக்கும், கசிவு குறையும். அதனால்தான் "கிட்னிக்காக" என்றார் உங்கள் டாக்டர். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அம்மாவின் பிபி 130/80க்குக் கீழே வருவதும் தேவை. ஆரம்பித்த இரண்டு முதல் நான்கு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஒரு தடவை பார்க்க வேண்டும். அப்போது கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கலாம். 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மாத்திரையை நிறுத்துவதில்லை. பலர் அந்த ஏற்றத்தைப் பார்த்துப் பயந்துதான் நிறுத்திவிடுகிறார்கள். வாந்தி பேதி வந்து நீர் வற்றிய நாளில் மட்டும், தொடரலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பது எங்கள் பக்கம் ஆழமாக வேரோடிப் போன நம்பிக்கை. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு அதன் அளவைக் குறைக்கிறோம், இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே போனால் நிறுத்துகிறோம். நிறுத்தியதைப் பார்த்தவர்கள் காரணத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். இன்னொன்றும் உண்டு. கிட்னி தளரும்போது இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும், சுகர் தானாக இறங்கும். "பொடி சாப்பிட்டேன், சுகர் போயே போச்சு" என்று சந்தோஷமாக வந்த ஒருவருக்கு அன்றைக்கே டயாலிசிஸ் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை அம்மாவுக்குப் பொருந்துமா என்றும் டாக்டரைக் கேளுங்கள். சுகரைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது, கிட்னி தளர்வதையும் மெதுவாக்கும். காப்புரிமை முடிந்துவிட்டதால் இப்போது பல கம்பெனிகள் செய்கின்றன, விலை இறங்கிவிட்டது. பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம். அம்மா உங்களிடம் சொல்லக் கூச்சப்படுவார், அக்கா தங்கையோ அத்தையோ விசாரிக்கட்டும்.

அப்புறம் அந்த முட்டி வலி மாத்திரை. போன வாரம்கூட ஓர் அம்மா சுருக்குப்பையைப் பிரித்து மேஜையில் கொட்டினார். வெற்றிலை, சில்லறை, நடுவில் பேப்பரில் மடித்த ஒரு 'செட்'. மூன்று மாத்திரை, ஒன்றுக்கும் பெயர் இல்லை. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தைச் சுருக்கும். ஏற்கெனவே சல்லடை கசிகிற கிட்னி அதைத் தாங்காது. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் கறை மட்டுமல்ல, வருடக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகி வலிக்கும். அதனால் அம்மாவுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரா, போர் தண்ணீரா என்று பாருங்கள். வலிக்குப் பாராசிட்டமால் டாக்டர் சொல்லும் அளவில் போதும். பொடியை நிறுத்திவிடுங்கள். சில பொடிகளில் ஈயம், பாதரசம் போன்றவை கலந்திருப்பதுண்டு, எதில் என்று பார்த்துச் சொல்ல முடியாது.

சாப்பாட்டில் உப்புதான் முக்கியம். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன், 5 கிராம். களிக்குக் கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் ஊறுகாய் என்றால் ஒரே வேளையில் அது தாண்டிவிடும். களியாலும் சுகர் ஏறும். ராகியில் மாவுச்சத்து அரிசியைவிட ரொம்பக் குறைவில்லை, உருண்டையைச் சின்னதாக்கச் சொல்லுங்கள். பருப்பு, முட்டையை நிறுத்த வேண்டாம். பொட்டாசியம் ஏறாதவரை வாழைப்பழத்துக்கும் இளநீருக்கும் கிட்னியின் பெயரில் தடை போடவும் வேண்டாம். சுகருக்கு அளவு பார்த்தால் போதும்.

செலவு ஒரு கவலை என்றால், வீடு தேடி வந்து சுகர், பிபி மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. ஊருக்கு வரும் சுகாதாரப் பணியாளரிடம் அம்மாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஏ.சி.ஆர். அருகில் இல்லாவிட்டால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். டைப் 2 சுகர் என்று தெரிந்த நாளிலேயே எடுக்க வேண்டிய டெஸ்ட் இது, பிறகு வருடா வருடம். அம்மாவுக்கு 11 வருடம் கழித்து வந்திருக்கிறது. கூடவே கண்ணில் சொட்டு விட்டு விழித்திரையையும் பார்த்துவிடுங்கள்.

இந்த ஞாயிறு ஊருக்குப் போகும்போது அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பயத்தில் நிறுத்தியிருக்கிறார். வீட்டில் இருக்கும் மாத்திரை, பொடி, மெடிக்கல் 'செட்' எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, திங்கட்கிழமை ஒரு நாள் லீவு சொல்லி, அதே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மூன்று வாரமோ நான்கு வாரமோ, எத்தனை நாள் நிறுத்தினார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அங்கேயே உங்கள் சுகரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. அம்மாவுக்கு 43 வயதில் வந்திருக்கிறது.