தண்ணீர்த் தொட்டி பார்க்கும் வேலைக்கா மகனை அனுப்புவது?

அன்புள்ள அம்மா,

ஹாரோவிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிளம்பிங் படித்து முடித்த மகன், இனிக் கட்டடங்களின் நீர் அமைப்புகளில் லெஜியோனெல்லா என்ற, நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாவின் அபாயத்தை மதிப்பிடும் தொழிலுக்குப் போகிறேன் என்கிறான். அவனுடைய அப்பாவோ, "ஊரார் வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்க்கவா இத்தனை வருடம் பாடுபட்டோம்?" என்று மனம் வெதும்புகிறார். இடையில் நீங்கள் அகப்பட்டுத் தவிக்கிறீர்கள். அவனைப் போக விடுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் கட்டணம் கட்டச் சொல்லி அவன் காட்டிய அந்த ஒரு நாள் சான்றிதழ் வகுப்பை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

முதலில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது. 1976 ஜூலையில் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே இன்னதென்று தெரியாத நிமோனியா பரவிப் பலர் இறந்தார்கள். அதற்குக் காரணமான பாக்டீரியா இந்த லெஜியோனெல்லாதான். அதைக் கண்டுபிடிக்க அடுத்த ஆண்டு ஜனவரி வரை ஆயிற்று. அதைவிட நமக்குப் பக்கத்தில், 2002 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கம்ப்ரியாவிலுள்ள பாரோ நகரில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு கலை அரங்கத்தின் ஏசி இயந்திரத்துடன் இணைந்த குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வந்த நீர்த்துளிகள், மக்கள் நடமாடும் சந்தில் விழுந்துகொண்டிருந்தன. அதே பாக்டீரியாவால் சுமார் 180 பேர் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்தார்கள். நகராட்சிக்கு 1,25,000 பவுண்டும், பொறுப்பிலிருந்த அதிகாரிக்குத் தனியாக 15,000 பவுண்டும் அபராதம் விதிக்கப்பட்டன. சந்து வழியாக நடந்து போனதைத் தவிர அந்த மனிதர்கள் வேறெதுவும் செய்யவில்லை. உங்கள் மகன் பார்க்க நினைக்கும் வேலை, அப்படி ஒன்று நடக்காமல் முன்கூட்டியே கண்டு சொல்லும் வேலை. இதை மதிப்புக் குறைந்தது என்று எவரும் சொல்ல என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

வேலை நிலைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், கட்டடத்தை நடத்துபவர் இந்த அபாயத்தை மதிப்பிட்டுக் கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். எல்8 என்று எல்லோரும் சொல்லும் நடைமுறை விதித்தொகுப்பு அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறது. மருத்துவமனை, பள்ளி, ஹோட்டல், முதியோர் இல்லம், அலுவலகம் எதற்கும் விலக்கில்லை. சட்டம் கேட்கும் வேலை என்பதால், பொருளாதாரம் சுணங்கினாலும் இதற்குத் தேவை இருக்கும்.

வேலை எப்படி இருக்கும் என்று ஒரு முதியோர் இல்லத்தை வைத்துச் சொல்கிறேன். இந்தப் பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் பெருகும். 60 டிகிரியில் பிழைக்காது. அதனால் வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்க வேண்டும், குழாயைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் 50 டிகிரியைத் தொட வேண்டும், மருத்துவமனை போன்ற இடங்களில் 55. குளிர்ந்த நீர் இரண்டு நிமிடத்துக்குள் 20 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் அந்த இல்லத்தில் முதியவர்களுக்குச் சுட்டுவிடாமலிருக்க, குளியல் தொட்டிக்கு வரும் நீர் 44 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்காகக் குழாய்க்குச் சற்று முன்னால் வெந்நீரையும் குளிர்நீரையும் கலக்கும் வால்வு பொருத்தியிருப்பார்கள். புதிதாக வந்த பையன் குழாய்க்குக் கீழே தெர்மாமீட்டரைப் பிடித்து 41 என்று குறித்துக்கொண்டு போய்விடுவான். அனுபவசாலி முழங்காலிட்டு, வால்வுக்குள் நுழையும் குழாயின் மேலேயே உணர்கருவியை வைத்து அளப்பார். குளிர்நீர் கலப்பதற்கு முன் வெந்நீர் எவ்வளவு சூடாக வருகிறது என்பது அங்கேதான் தெரியும்.

பிறகு மேல்மாடித் தொட்டி. மூடி இறுக்கமாக இருக்கிறதா, வழிந்தோடும் குழாயில் பூச்சி வலை உண்டா, அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது, துப்புரவு செய்யும் அம்மாவிடம் பேசுவது. எந்த அறை காலியாகக் கிடக்கிறது, எந்த ஷவரின் முன்னால் சக்கர நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது மேலாளருக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். திறக்காத குழாயில் தேங்கும் நீரில்தான் ஆபத்து வளர்கிறது. வாரம் ஒரு முறையாவது திறந்து ஓட விட வேண்டும். ஆட்களுடன் இதமாகப் பேசிக் கேட்டறியும் குணம் உங்கள் மகனிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தொழிலில் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு.

இதனால்தான் அந்த ஒரு நாள் வகுப்பைப் பற்றி எச்சரிக்கிறேன். ஒரு நாளில் கிடைப்பது விழிப்புணர்வு மட்டுமே. பயிற்சியோடு அனுபவமும் சேர்ந்தால்தான் தகுதி என்று கருதப்படும். தொழிற்கல்விச் சான்றிதழ் தரும் சிட்டி அண்ட் கில்ட்ஸ் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற வகுப்புகளும், நீர்த் துறையினரின் சங்கமான வாட்டர் மேனேஜ்மென்ட் சொசைட்டி நடத்தும் வகுப்புகளும் நல்லவை. ஆனால் அவற்றைப் பெரும்பாலும் வேலைக்கு எடுக்கும் நிறுவனமே தன் செலவில் கொடுக்கும். முதலில் வெப்பநிலை அளப்பது, ஷவர் முனைகளைக் கழற்றிச் சுண்ணாம்புப் படிவை நீக்குவது, நீர் மாதிரி எடுப்பது போன்ற வேலைகளில் டெக்னீசியனாகச் சேரட்டும். பிளம்பிங் தெரிந்த பிள்ளை என்பதால் குழாய் வரைபடத்தை மற்றவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வான். மதிப்பீட்டாளர் ஆன பிறகு ஆலோசகராகலாம். நீண்ட அனுபவத்துக்குப் பின் மருத்துவமனைகளின் நீர்ப் பாதுகாப்புக்கு வழிகாட்டும் பொறியாளர் நிலை வரை போகலாம்.

நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் அவன் கவனம் முழுவதும் இருக்க வேண்டும். இந்தத் துறை நிறுவனங்களின் சங்கமான லெஜியோனெல்லா கன்ட்ரோல் அசோசியேஷனில் பதிவு பெற்றதா, மதிப்பீட்டுக்குப் பிரிட்டனின் தேசிய அங்கீகார அமைப்பான யூகாஸின் (UKAS) அங்கீகாரம் உண்டா என்று கேட்கட்டும். தனியாக அனுப்புவதற்கு முன் யாருடன், எவ்வளவு காலம் கூடவே அழைத்துச் செல்வார்கள் என்றும் கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே சேர வேண்டாம். வாடகை வீட்டு உரிமையாளர்களை மிரட்டி, சட்டம் கேட்காத சோதனைச் சான்றிதழை விற்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. சாதாரண வீட்டுக்கு அப்படி ஒரு சான்றிதழ் தேவையில்லை என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அத்தகைய இடத்தில் தொழிலைத் தொடங்கினால் பிள்ளை தவறான பழக்கத்தைக் கற்றுக்கொள்வான்.

அவனுக்கே அந்த நோய் வந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. மாசுபட்ட நீரின் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால்தான் பெரும்பாலும் இது தொற்றும். வயதானவர்கள், புகை பிடிப்பவர்கள், நுரையீரல் நோயும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். குளிர்விப்புக் கோபுரத்தருகே போகும்போது சுவாசக் கவசம் அணிய வேண்டும், அவ்வளவுதான். நான் உண்மையில் கவலைப்படுவது ஏணியையும் பழைய கட்டடங்களின் ஆஸ்பெஸ்டாஸையும் பற்றித்தான். உயரத்தில் வேலை செய்யவும் ஆஸ்பெஸ்டாஸை அடையாளம் காணவும் முதல் வாரத்திலேயே பயிற்சி தருகிறார்களா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

இன்னும் கார் ஓட்டும் உரிமம் எடுக்கவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஒரே நாளில் ஊர் ஊராகப் போகும் வேலை இது, உரிமம் இல்லாமல் பெரும்பாலான நிறுவனங்கள் நேர்காணலுக்கே அழைக்காது. அந்த வகுப்புக்காக எடுத்து வைத்த பணத்தில் அவனை ஓட்டுநர் பயிற்சியில் சேர்த்துவிடுங்கள்.