வீட்டின் மேல் கடன் வாங்கி இசைக் கல்லூரியா?

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் ஜெர்மன்டவுனிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி நண்பர்கள் மூவரோடு ஹெவி ராக் குழு வைத்து டிரம்ஸ் வாசிக்கிறான். சிகாகோ பெரியப்பாவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறெதுவும் படிப்பே இல்லை. பையன் மசியாததால் வீட்டில் ஒரு சமரசம்: இசைதான் என்றால் பெயர்பெற்ற தனியார் இசைக் கல்லூரியிலாவது படிக்கட்டும். விடுதியோடு ஆண்டுக்கு 70,000 டாலருக்கு மேல் ஆகும். வீட்டின் மேல் கடன் வாங்கலாமா என்று கேட்கிறார்.

உங்கள் கவலை நியாயமானதுதான் அம்மா. ஆனால் கடன் வாங்காதீர்கள். மத்திய அரசு தரும் பேரன்ட் ப்ளஸ் கடனும் வேண்டாம். அது உங்கள் பெயரில் இருக்கும் கடன். பையன் பிற்பாடு சம்பாதித்தாலும் அரசுத் திட்டத்துக்குள் அதை அவன் பெயருக்கு மாற்ற முடியாது.

ராக் குழுவில் யாரும் பட்டம் கேட்பதில்லை. முதல் சில ஆண்டுகள் வேனில் ஊர் ஊராகப் போய், வரவும் செலவும் இழுபறியாக வாசிக்க வேண்டியிருக்கும். மாதத் தவணை தலைக்கு மேல் நிற்கும் பையனால் அப்படிப் போக முடியாது. எந்தக் கனவுக்காகக் கடன் வாங்குகிறீர்களோ, அந்தக் கடனே அதை முடித்துவிடும்.

உங்கள் ஊர்க் குழுவையே பாருங்கள். க்ளட்ச் என்ற ராக் குழு 1991-இல் ஜெர்மன்டவுனில் தொடங்கியது. நீல் ஃபாலன், டிம் சல்ட், டேன் மெயின்ஸ், ஜான்-பால் கேஸ்டர். நடுவில் சில ஆண்டுகள் கீபோர்டுக்கு ஒருவர் வந்து போனார். மற்றபடி அதே நால்வர்தான். 1993-இல் ஈஸ்ட்வெஸ்ட், 1998-இல் கொலம்பியா, 2001-இல் அட்லாண்டிக் என்று ஒவ்வொரு பெரிய இசை நிறுவனமாக மாறினார்கள். கடைசியில் வெதர்மேக்கர் மியூசிக் என்ற சொந்த லேபிளை, அதாவது இசை வெளியிடும் நிறுவனத்தைத் தொடங்கி, 2009 முதல் அதிலேயே ஆல்பம் வெளியிடுகிறார்கள். 2013 ஆல்பம் அமெரிக்காவின் முன்னணி ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பில்போர்டு 200 பட்டியலில் 15-ஆம் இடத்தில் நுழைந்தது, 2015 ஆல்பம் 11-ஆம் இடத்தில். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமல்!

எல்லாருக்கும் இப்படி அமையாது. பெரும்பாலான குழுக்கள் கலைந்துதான் போகின்றன. ஆனால் இவர்கள் எங்கே தப்பித்தார்கள் என்று பாருங்கள். பெரிய நிறுவனம் தரும் முன்பணத்தைப் பரிசு என்று பலர் நினைக்கிறார்கள். அதையும் ஒலிப்பதிவுச் செலவையும் குழுவுக்குச் சேரவேண்டிய ராயல்டியிலிருந்தே, அதாவது உரிமைத்தொகையிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். கழிந்து முடிந்த பிறகும் மாஸ்டர் எனப்படும் மூல ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்திடமே இருக்கும். சாட்டிலைட் ரேடியோ, இணைய ரேடியோவில் பாட்டு ஒலித்தால் அதற்கான பணத்தை சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிறது. 100 டாலரில் 50 மாஸ்டர் உரிமையாளருக்கு, 45 குழுவுக்கு, 5 கூலிக்கு வாசித்தவர்களின் நிதிக்கு. சொந்த லேபிள் இருந்தால் அந்த 50-உம் வீட்டுக்கு வரும். பாட்டை எழுதியதற்கான உரிமை இதில் சேராது. அந்தப் பணம் ஆஸ்கேப், பிஎம்ஐ, எம்எல்சி போன்ற, பாடல் எழுதியவர்களுக்காக வசூலிக்கும் அமைப்புகள் வழியாக வருகிறது. பதிவு செய்யாதவருக்கு வராது. டிரம்ஸ்காரர்கள் ஏமாறும் இடமும் இதுதான். பாடல் வரியும் மெட்டும் போட்டவர் பெயரை மட்டும் எழுதிவிடுவார்கள். க்ளட்ச் தங்கள் பாடல்களைக் குழுவின் பெயரிலேயே போடுகிறது.

இதையெல்லாம் கணக்குத் தெரிந்த ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பையன் கேரேஜில் டி-ஷர்ட் அச்சடித்து நிகழ்ச்சிகளில் விற்று, வரவு செலவை எக்செல்லில் போடுகிறான் என்று குறைபோல எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மேடையில் டிரம்ஸ், கீழே வந்தால் கணக்கு என்ற பையன் அபூர்வம். பெரியப்பாவிடம் சொல்லுங்கள், அவர் சம்மதிக்காவிட்டாலும் பரவாயில்லை.

உங்கள் ஊரிலேயே மான்ட்கோமரி கல்லூரியின் ஜெர்மன்டவுன் வளாகம் இருக்கிறது. மாவட்டவாசிகளுக்குக் கட்டணம் குறைவு. அக்கவுன்டிங், பிசினஸ் பாடங்களை எடுக்கட்டும். வீட்டிலிருந்தே போய் வரலாம், வார இறுதியில் வாசிக்கலாம். இரண்டு ஆண்டு கழித்து விருப்பம் இருந்தால் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். இரண்டுக்கும் இடையே மாற்றலுக்கான ஏற்பாடு உண்டு. குழு கலைந்தாலும், மற்ற குழுக்களின் ராயல்டிக் கணக்கைப் பார்த்துக் கொடுத்துச் சம்பாதிக்க முடியும். ஏஜென்ட் 10 சதவீதம், மேனேஜர் 15 முதல் 20 சதவீதம் எடுத்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று சரிபார்க்க ஆள் தேடும் குழுக்கள் நிறைய.

இப்போதைக்கு இரண்டே வேலை. அடுத்த பாட்டைப் பதிவு செய்வதற்குமுன், யாருக்கு எத்தனை பங்கு என்று நான்கு பிள்ளைகளும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம், மே 1-க்குள் முன்பணம் கட்டச் சொல்லி இசைக் கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வரும். கட்டாதீர்கள்.