44 வயதில் இத்தாலியில் ஹாஸ்டல் கட்டிலா? தாராளமாகப் போங்கள்

கேள்வி: "வயது 44. இத்தாலிக்கு மூன்று நாள் தனியாகப் போகிறேன். ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகவில்லை. ஹாஸ்டலில் ஒரு கட்டில் மட்டும் எடுத்துத் தங்கலாமா? இந்த வயதில் அது சரிவருமா?"

தங்கலாம். "சரிவருமா" என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்த ஒரு சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. வாடகையைப் பற்றிக் கேட்பது போலத் தெரிந்தாலும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான் உங்களுக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் பெண்ணாகத்தான் இருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன். வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள்.

எனக்கு 46 வயது. திருமங்கலத்துக்காரி. இப்போது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு மருத்துவமனையில் செவிலியர். போன மார்ச்சில் தொடர்ந்து ஏழு நைட் டூட்டி முடித்துவிட்டு, கிடைத்த நான்கு நாள் விடுப்பில் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்குத் தனியாகப் போனேன். ஒற்றை ஆள் ஹோட்டல் அறை ஒரு இரவுக்கு 90 யூரோவுக்குக் குறையவில்லை. பெண்களுக்கு மட்டுமான ஆறு கட்டில் அறையில் ஒரு கட்டில் 23 யூரோ. மூன்று இரவுக்கு 69. யோசிக்கவே இல்லை, போட்டுவிட்டேன்.

குடும்ப வாட்ஸாப் குழுவில் அறையின் படத்தைப் போட்டதுதான் தாமதம். பெரியப்பா வீட்டு மதினி உடனே எழுதினார்கள்: "ஜெர்மனியில சம்பாதிச்சும் ஒரு ரூம் எடுக்க வழியில்லையா? கண்டவங்க கூடப் படுத்துக் கெடக்கணுமா?" அதற்கு நான்கு பேர் கைதட்டல் போட்டிருந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கொதிக்கிறது. என் தம்பி படிப்புக்கு நான் அனுப்பும் பணத்தைப் பற்றி அந்த நால்வருக்கும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டல் என்றதும் நமக்கு வார்டனும் புளிசாதமும் ஞாபகத்துக்கு வரும். இது அப்படி இல்லை. பயணிகள் கட்டில் கணக்கில் வாடகை கொடுத்துத் தங்கும் இடம், அவ்வளவுதான். எங்கள் அறையில் என்னைத் தவிர எல்லோரும் முப்பதுக்குக் கீழே என்றுதான் நினைத்துப் போனேன். ஆனால் எதிர்க் கட்டிலில் போலந்துக்கார அம்மா ஒருவர், அறுபதைத் தாண்டியவர், முடிச்சுப் போட்ட பையோடு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு சுளை நீட்டினார்.

உள்ளே நுழைந்ததும் வரவேற்பு மேசையில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பகீரென்றது. பிறகுதான் மேசையில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். இத்தாலியில் 1931-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறதாம். தங்க வருகிறவர் யாராக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு விவரம் அனுப்பியாக வேண்டும். ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கும் இதே விதிதான். பதிந்துவிட்டுக் கையோடு திருப்பித் தந்துவிட்டாள். அதனால் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அசல் வேண்டும். நகர வரி என்று ஓர் ஆளுக்கு, ஓர் இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள். பதிவு செய்யும்போது காட்டிய விலையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். பல இடங்களில் கையில் ரொக்கமாகத்தான் கேட்பார்கள்.

எனக்குக் கொடுத்தது மேல் கட்டில். ஏணி என்ற பெயரில் விரல் தடிமனில் நான்கு இரும்புக் கம்பி. ஏழு இரவு வார்டில் நடந்த குதிகாலை அதில் வைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கீழே படுத்திருந்த அர்ஜென்டினா மாணவி ஒன்றும் கேட்கவில்லை. என் காலைப் பார்த்தாள், தன் போர்வையைச் சுருட்டி மேலே போட்டாள், ஏறிப் படுத்துக்கொண்டாள். எல்லா இடத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருப்பாள் என்று நம்பிப் போக முடியாது. பதிவு செய்யும்போதே குறிப்புப் பகுதியில் கீழ்க் கட்டில் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். ரயிலில் லோயர் பெர்த் கேட்பதில் நமக்கு என்ன வெட்கம்? அதே மாதிரிதான்.

கட்டிலுக்குத் திரைச்சீலை இருந்தது. தலைமாட்டில் சின்ன விளக்கு, சார்ஜ் போட ஒரு பிளக், மூக்குக் கண்ணாடி வைக்க ஒரு பலகை. திரையை இழுத்துவிட்டால் அது என் அறை. கட்டிலுக்கு அடியில் பை வைக்கக் கம்பிக்கூண்டுப் பெட்டி. பூட்டு நாம்தான் கொண்டுபோக வேண்டும். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த திண்டுக்கல் பூட்டை எடுத்துப் போயிருந்தேன். அதன் வளையம் தடிமன், கொக்கித் துளைக்குள் நுழையவே இல்லை. ரோமா வீதியில் ஒரு கடையில் 5 யூரோ கொடுத்து மெல்லிய வளையமுள்ள சின்னப் பூட்டு வாங்கினேன். இந்தச் சின்ன விஷயத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

குளியலறையைப் பற்றி நம்மவர்கள் எல்லோருக்கும் ஒரு கவலை உண்டு, வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். இத்தாலியில் அந்தக் கவலை குறைவு. 1975-இல் வந்த ஓர் அரசாணைப்படி ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒரு குளியலறையில் பிடே இருக்க வேண்டும். கழிவறைப் பீங்கானுக்குப் பக்கத்திலேயே, குழாய் வைத்த இன்னொரு பீங்கான் தொட்டி. எங்கள் ஹாஸ்டலிலும் இருந்தது. ஜெர்மனியில் மூன்று வருடமாகப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எழுதிப் புரிய வைக்க முடியாது.

குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விளம்பரம் செய்கிறேன் என்பார்கள். நான் எடுத்த இடம் வுச்சீரியா சந்தைப் பக்கம். பகலில் அமைதி, இரவானால் சதுக்கம் முழுக்க மது அருந்தும் கூட்டமும் பாட்டும். முதல் இரவு இரண்டரை மணி வரை சுவர் அதிர்ந்தது. காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோனதால் பிழைத்தேன். பழைய கட்டடம், லிப்ட் கிடையாது, மூன்றாம் மாடி. மூட்டு வலி இருந்தால் லிப்ட் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். வரைபடத்தில் "மையப்பகுதி" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் சத்தமும் அங்கேதான் இருக்கும்.

இனி சமையலறை. நான் இவ்வளவு எழுதுவதே இதற்காகத்தான். சனிக்கிழமை காலை பல்லாரோ சந்தையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் வாங்கிவந்தேன். பையில் ரவை இருந்தது. கடுகு, உளுந்து, காய்ந்த கறிவேப்பிலை எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கொண்டுபோயிருந்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தாளித்தேன். கடுகு வெடித்து ஒரு நிமிடம் இருக்காது, படிக்கட்டிலிருந்து ஒரு குரல்: "ஆர் இஞ்ச தாளிக்கிறது?"

துடைப்பக் கட்டையைக் கையில் பிடித்தபடி ஓர் அண்ணன் வாசலில் நிற்கிறார். அந்தக் கட்டடத்தைச் சுத்தம் செய்பவர். யாழ்ப்பாணத்துக்காரர். "நீங்கள் இந்தியாவோ, தங்கச்சி?" என்றார். நான் தலையாட்டினேன். எனக்குப் பேச்சு வரவில்லை. உப்புமாவில் பாதியைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன், நின்றுகொண்டே சாப்பிட்டார். "நான் தொண்ணூறில வந்தனான். பிள்ளையள் ரெண்டும் இஞ்சதான் பிறந்தது" என்றார். போர்க் காலத்தில் வந்த இலங்கைத் தமிழர்கள் பலெர்மோவில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அது ஒரு செய்தியாகத்தான் மனதில் இருந்தது.

என்ன வேலை என்று கேட்டார். நர்ஸ் என்றேன். "அப்ப நல்ல மரியாதையான வேலை" என்றார். எனக்கு ஏதோ உடைந்துவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். மதுரையில் 17 வருடம் வேலை பார்த்தவள் நான், அதில் ஒன்பது வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஜெர்மனிக்கு வந்ததும் என் படிப்புக்கு அங்கீகாரம் வரும் வரை 14 மாதம் உதவியாளர் சம்பளம்தான். ஊசி போடக் கூடாது. கையில் நரம்பு கிடைக்காமல் ஒரு சின்னப் பெண் நான்கு முறை குத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், நான் ஒரே முறையில் எடுத்திருப்பேன். மொழித் தேர்வு வேண்டும் என்கிறார்கள், நியாயம், நோயாளியிடம் பேசத் தெரிய வேண்டும். இரண்டாம் முயற்சியில் தேறினேன். ஆனால் காகிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக ஐந்து மாதம் ஏன்? அந்த ஐந்து மாதச் சம்பள வித்தியாசத்தை யார் தருவார்கள்? ஊரில் ஆள் எடுத்த ஏஜென்ட் இதில் ஒரு வார்த்தைகூட முன்னால் சொல்லவில்லை. அப்படிச் சேர்த்த காசில்தான் இந்த மூன்று நாள். அதனால்தான் மதினியின் அந்த வரி அப்படிக் குத்தியது.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மலைக்குப் போனீங்களோ?" என்றார். எந்த மலை என்றேன். "பெல்லெக்ரீனோ மலை. போகாமத் திரும்பிடாதேங்கோ. அம்மா இருக்கிறா."

அவர் அம்மா என்றது சாந்தா ரொசாலியாவை, பலெர்மோவின் காவல் புனிதரை. 12-ஆம் நூற்றாண்டில் வசதியான வீட்டை விட்டு மலைக் குகைக்குப் போய்த் தனியாக வாழ்ந்த பெண். 1624-இல் நகரத்தில் கொள்ளை நோய் பரவியபோது மலையில் கிடைத்த எலும்புகள் அவருடையவை என்று நம்பி ஊர்வலம் எடுத்தார்கள், நோய் நின்றது என்பது அந்த ஊரின் நம்பிக்கை. "நாங்கள் சைவம்தான்" என்றார் அண்ணன். "ஆனா வந்த காலத்தில பேப்பர் இல்லை, வேலை இல்லை, அழுறதுக்கு வேற ஒரு இடமும் இல்லை. அங்க போய்த்தான் அழுதனாங்கள்."

மறுநாள் ஞாயிறு. அவரும் அவர் மனைவியும் போவதாக இருந்தார்கள், என்னையும் கூட்டிப்போனார்கள். பேருந்து மேலே வரை போகிறது, ஆனால் அவர்கள் பழைய கல்பாவிய பாதையில் நடந்துதான் ஏறுவார்களாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏற்றம். குதிகால் வலியோடு ஏறினேன். வழியில் உட்கார்ந்து, பன்னுக்குள் வைத்த பனெல்லே சாப்பிட்டோம்: கடலைமாவைக் கிண்டி, ஆறவைத்து, மெல்லியதாக வெட்டி, எண்ணெயில் பொரித்தது. அசல் சைவம், வாயில் வைத்ததும் வீட்டு ஞாபகம் வந்தது.

கோயிலே ஒரு குகைதான். பாறையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடிக்க மேலே நெடுகத் தகரக் கால்வாய்கள், நம் ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் மழைநீர் பிடிக்க வைப்போமே, அது மாதிரி. கண்ணாடிக்குப் பின்னால் தங்க அங்கியோடு சாய்ந்து படுத்திருக்கும் சிலை. வேண்டுதலுக்கு வைத்த வெள்ளித் தகடுகள், கை, கால், இதயம் என்று. நம் மாரியம்மன் கோயிலில் பார்ப்பதுதான். சேலை கட்டிய மூன்று பெண்கள் முன் வரிசையில் கண்மூடி நின்றார்கள். அண்ணன் மனைவி சுவரோரம் வழிந்த ஈரத்தை விரலால் தொட்டு என் நெற்றியில் வைத்தார். நான் அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நானும் அழுதேன்.

90 யூரோ அறை எடுத்திருந்தால் அடுப்பு இருந்திருக்காது, நான் கடுகு தாளித்திருக்கவும் மாட்டேன்.

இதற்குப் பதில் எழுத வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "மூன்று இரவு தங்கிவிட்டு எல்லாம் தெரிந்த மாதிரி எழுதுகிறாள்" என்பார்கள். உண்மை, ஓர் ஊர், ஒரே ஓர் இடம், அதைத்தான் சொல்கிறேன். "பெண் தனியாக, பாதுகாப்பு?" என்பார்கள். பெண்கள் மட்டும் தங்கும் அறையா, இரவு முழுக்க மேசையில் ஆள் இருப்பார்களா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். அவசரத்துக்கு 112 என்பதையும் மனதில் வைத்திருந்தேன். சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள், சத்தத்தில் தூக்கம் வராதவர்கள் கொஞ்சம் அதிகம் கொடுத்துத் தனி அறையே எடுங்கள், அதில் தப்பே இல்லை. பல ஹாஸ்டல்களில் தனி அறையும் உண்டு.

எந்த ஊர் என்று நீங்கள் சொல்லவில்லை. ரோம் என்றால் தெர்மினி ரயில் நிலையத்தைச் சுற்றி ஹாஸ்டல்கள் நிறைய. வெனிஸ் என்றால் தீவுக்குப் போகும் பாலத்துக்கு இந்தப் பக்கம், கரையிலுள்ள மெஸ்த்ரேயில் கட்டில் விலை குறையும், ரயிலில் பத்து நிமிடச் சொச்சம். எந்த ஊரானாலும் "விருந்தினர் சமையலறை உண்டு" என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது முக்கியம். மெல்லிய வளையமுள்ள பூட்டு ஒன்று, காதுக்குப் பஞ்சு, ஒரு துண்டு, அரைக் கிலோ ரவை. கடுகை மறக்காதீர்கள். தாளிக்கும்போது ஜன்னலோடு படிக்கட்டுப் பக்கக் கதவையும் திறந்து வையுங்கள்.