டிராக்டருக்குச் சேற்று டயரா, சாதாரண டயரா?

45 குதிரைத்திறன் டிராக்டருக்குப் பின் டயர் இரண்டையும் மாற்ற வேண்டும், சேற்றுழவுக்கென்று வரும் ஆழப்பட்டை டயரை வாங்கலாமா, வண்டியோடு வந்த மாதிரி டயரே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் டெல்டாக்காரர் என்றும், சொந்த நிலத்தை உழுவதோடு வாடகைக்கும் ஓட்டுகிறீர்கள் என்றும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அப்படியென்றால் சாதாரண டயரை வாங்குங்கள். சேற்றுக்கு அரை கேஜ் வீல், அதாவது டயரோடு சேர்த்து மாட்டும் பல் வைத்த இரும்புச் சக்கரம், மாட்டிக்கொள்ளுங்கள்.

சேற்று டயரே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் எந்த டயர் கம்பெனிக்கும் ஆள் இல்லை. மன்னார்குடிப் பக்கத்தில் சொந்தமாக டிராக்டர் வைத்து, ஓட்டுநர் போட்டு, வாடகைக்கு விடுகிற பெண் நான். டயர் வாங்குவது என் கைக்காசு.

டயரின் பக்கவாட்டில் ஆர்-1, ஆர்-2 என்று அச்சிட்டிருக்கும். ஆர்-1 சாதாரண உழவு டயர். ஆர்-2 நெல்லுக்கும் கரும்புக்கும் ஆனது. அதன் பட்டைகள், அதாவது தரையைப் பிடிக்க டயர் மேல் எழும்பி நிற்கும் ரப்பர் வரிகள், ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம். சேற்றில் அந்த உயரமான பட்டை கீழே இருக்கும் கெட்டித் தரையைத் தேடிப் பிடிக்கிறது, பட்டைகளுக்கு நடுவே அகலமான இடைவெளி இருப்பதால் சேறும் உதிர்ந்துவிடுகிறது. அங்கே அதற்கு நிகர் இல்லை. அதே டயர் தார்ச் சாலையில் சுமை ஏற்றிய டிப்பர் டிரெய்லரை இழுக்கும்போது கதை வேறு. உயரமான பட்டை ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது, சூடாகிறது, விறுவிறுவென்று தேய்கிறது. ஓட்டுபவரின் முதுகும் சேர்ந்து தேய்கிறது.

ஆகவே உங்கள் ஊர் சேறா இல்லையா என்பது முதல் கேள்வியே அல்ல. எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரில் எத்தனை பங்கு சேற்றில் ஓடியது, எத்தனை பங்கு சாலையில் ஓடியது என்பதுதான் கேள்வி. நான் வாடகை நோட்டு வைத்திருக்கிறேன். யார் வயல், என்ன வேலை, தொடக்க மீட்டர், முடிவு மீட்டர் எல்லாம் அதில் இருக்கும். போன முறை டயர் மாற்றும் முன் அதைப் புரட்டிக் கூட்டிப் பார்த்தேன். வைக்கோல் கட்டு, செங்கல், எரு, நெல் மூட்டை என்று டிப்பரோடு ஓடிய மணிதான் பாதிக்கு மேல். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவைக்குச் சில வாரம், பிறகு சம்பா, தாளடிக்குச் சில வாரம். சேற்று வேலை அவ்வளவுதான். அந்தச் சில வாரங்களுக்காக வருடம் முழுக்கச் சேற்று டயரைத் தார்ச் சாலையில் தேய்க்க எனக்கு மனம் இல்லை.

நோட்டோடுதான் டயர் கடைக்குப் போனேன், கூடவே ஓட்டுநர்த் தம்பியும் வந்தான். கடைக்காரர் அவனைப் பார்த்தே பேசினார். “தம்பி, உங்கள் பக்கத்துக்கு இந்தச் சேற்று டயர்தான் போகிறது, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்” என்று அவனிடம் சொல்கிறார். பணம் கொடுக்கப் போகிறவள் பக்கத்தில் நிற்கிறேன். சாதாரண டயர் இரண்டைக் காட்டுங்கள் என்றேன். கொண்டுவந்து சாய்த்து வைத்தார்கள். குந்தி உட்கார்ந்து பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படித்தேன். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 1823 என்றால் 2023-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம் செய்த டயர். ஒன்று புதிது, மற்றது அதைவிட மூன்று வயது மூத்தது. மூத்ததின் பட்டை அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் மயிரிழை போலக் கீறல்கள் வாய் திறந்தன. கடைக்கு வெளியே வெயிலில் அடுக்கி வைத்த டயர் அது.

“டிராக்டர் டயருக்கு அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை அம்மா” என்றார். நான் பார்க்கிறேன் என்றேன். உள்ளே இருந்ததையெல்லாம் உருட்டி வரச் சொல்லி, ஒரே வருடத்தில் சில வாரம் முன்பின்னாக வந்த ஜோடியைப் பிடித்தோம். “அக்கா, இதையே எடுத்துக்கொள்வோம்” என்றான் தம்பி. விலை அதே விலைதான். பழைய சரக்கை யார் தலையிலாவது கட்ட வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு என் தலை கிடைக்கவில்லை. நீங்களும் எண்ணைப் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

சரி, யார் சேற்று டயர் வாங்கலாம்? திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் சாலை ஓரத்துக் கனத்த களிமண்ணில், கால் வைத்தால் புதையும் உளை வயல் நிறைய உள்ள இடத்தில், வண்டி சேற்றை விட்டு அதிகம் வெளியே வராது, டிப்பரே இல்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். அதற்கு நேர்மாறாக, கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் மண் இளகல். அங்கே பல வயல்களில் சாதாரண டயரும், சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருமே போதும். உளையில் எந்த டயரையும் நம்பி இறங்காதீர்கள். வருடா வருடம் உழுது மிதித்து அடியில் இறுகிய தட்டுதான் வண்டியைத் தாங்குகிறது. ஒரே இடத்தில் சக்கரம் சுழன்று அந்தத் தட்டு உடைந்துவிட்டால், அடுத்த போகமும் அங்கேதான் வண்டி புதையும். அறுவடை மெஷின் பள்ளம் பறித்துவிட்டுப் போன மூலையை முதலில் நடந்து மிதித்துப் பார்க்கச் சொல்லித்தான் ஓட்டுநரை அனுப்புவேன்.

கேஜ் வீலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டயரைக் கழற்றிவிட்டு மாட்டும் முழு வீலும் உண்டு, டயரின் வெளிப்பக்கம் சேர்த்து மாட்டும் அரை வீலும் உண்டு. நான் சொல்வது அரை வீல். தார்ச் சாலை ஏறும் முன் அதைக் கழற்றியே ஆக வேண்டும். நேரம் போகிறது என்று வயல்காரர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், இரும்புப் பல் குத்திக் கிழித்த ஊர்ச் சாலையில்தான் அவர்கள் பிள்ளைகளும் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

உழவு நடக்கும்போது இத்தனை அவசரம் காட்டுபவர்கள் கூலி தரும்போது எங்கே போகிறார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. டீசல் பங்கில் அறுவடை முடிந்து தருகிறேன் என்று சொல்ல முடியுமா? எங்களிடம் மட்டும் சொல்வார்கள். அறுவடை முடிந்தால் கொள்முதல் பணம் வரட்டும் என்பார்கள். அதுவும் வந்தால் பேத்திக்குக் காது குத்து என்பார்கள். வாசலில் போய் நின்று கேட்டால், பெண்பிள்ளை இப்படியா வந்து நிற்பது என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். ஆண் கேட்டால் கூலி, நான் கேட்டால் வம்பா? டயர் பணத்தை நான் ரொக்கமாகக் கட்டினேன்.

அளவுக்கு வருகிறேன். 13.6-28 (முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில்) போட்ட வண்டிக்குப் பெரிதாக இருக்கட்டும் என்று 14.9-28 வாங்கச் சொல்வார்கள். ரிம் அகலம் அதை ஏற்குமா, மட்கார்டில் இடிக்காதா என்று வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய டயரில் பாரத்துக்குத் தண்ணீர் ஏற்றியிருந்தால், சேற்றுப் பருவத்துக்கு முன் இறக்கிவிடுங்கள். காய்ந்த உழவில் சக்கரம் வழுக்காமல் பிடிக்க அந்த எடை உதவும், சேற்றிலோ வண்டியை இன்னும் ஆழமாக இறக்கும். பிறகு ஏற்றும்போது வால்வை மேலே நிறுத்தி, தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். முக்கால் பங்கு அது, மீதி காற்று.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டைகளின் கூர்முனை மேல்நோக்கி, கூரை முகடு போலத் தெரிய வேண்டும். அப்போதுதான் முனை முதலில் தரையைத் தொட்டுச் சேற்றை இரு பக்கமும் தள்ளும். வலது இடது மாற்றி மாட்டிவிட்டால் சேறு நடுவில் அடைந்து, புது டயரே மொட்டை டயர் மாதிரி சுற்றும்.

உங்களுடையது நான்கு சக்கர இழுவை வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் முந்தி ஓடுமாறு கியர் அமைத்திருப்பார்கள். தேய்ந்த முன் டயரோடு பெரிய பின் டயரைச் சேர்த்தால் அந்தக் கணக்கு கெட்டு, முன் டயர் இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளப்படும், கியரும் அடி வாங்கும். முன் டயரில் உள்ள அளவையும் தேய்மானத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தேய்ந்திருந்தால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.