நான்கு அடி ஆழம் வேண்டுமா?

கேள்வி: மூணாறை அடுத்த வட்டவடையில் சரிவான நிலத்தில் வீடு கட்டியுள்ளேன். செப்டிக் டேங்க் அறுபது அடி தள்ளிக் கீழே இருக்கிறது. இடையில் இரண்டடி தோண்டியதுமே பாறை. உறைபனியில் கழிவுநீர்க் குழாய் வெடிக்கும், நான்கு அடி ஆழம் வேண்டும் என்கிறார் கனடாவிலுள்ள மைத்துனர். மேலாகப் போட்டு மண் தள்ளினால் போதும் என்கிறார் மேஸ்திரி. யார் சொல்வது சரி?
– வாசகர், வட்டவடை

பதில்: மைத்துனர் சொல்வது அவர் வாழும் ஊருக்குச் சரி. கனடாவின் பல பகுதிகளில் மாதக்கணக்கில் குளிர் நீடிப்பதால் நிலம் நான்கு அடி வரையிலும் அதற்குக் கீழும் உறைந்துவிடும். உங்கள் ஊரிலோ புல்லை வெளுக்கச் செய்யும் பனி வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது. மண்ணுக்குள் குளிர் ஆழமாக இறங்க அவகாசமே இல்லை. குழாயின் மேல் ஒன்றரை அடி மண் இருந்தால் போதும். ஆனால் மேஸ்திரி சொல்வதுபோல மேலாகப் போடுவதை நான் ஒப்பவே மாட்டேன்.

நீங்கள் அஞ்ச வேண்டியது பனியைவிடப் பாறையையும் மழையையும்தான். குழாயின் அடியில் ஒரு கல்முனை முட்டிக்கொண்டிருந்தாலும், மேலுள்ள மண்ணின் பாரம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கி, நாளடைவில் அங்கே விரிசல் விழும். ஆகவே குழாயின் மட்டத்துக்குக் கீழே இன்னும் நான்கு அங்குலம் பாறையை உடைத்தெடுத்து, அங்கே எம்-சாண்ட் பரப்பி, குழாயின் இருபுறமும் மணலையே கையால் இறுக்குங்கள். தோண்டியெடுத்த கற்களை நேராக அதன்மேல் தள்ளவே கூடாது. சரிவில் வெடி வைக்க வேண்டாம். துளையிட்டு, விரிந்து பாறையைப் பிளக்கும் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஊற்றினால் சத்தமின்றி விரிசல் விடும். அதற்கும் மசியாத பாறையென்றால் 45 பாகை வளைவுகள் கொண்டு அதைச் சுற்றிச் செல்லுங்கள். திரும்பும் இடந்தோறும் சேம்பர், அதாவது மூடியைத் திறந்து அடைப்பு நீக்கக்கூடிய சிறு தொட்டி, கட்டுங்கள்.

நிலத்தடிக் கழிவுநீருக்கென்றே உள்ள, ஐ.எஸ். 15328 முத்திரையிட்ட 110 மி.மீ. பிவிசி குழாயை வாங்குங்கள். நாற்பது அடிக்கு ஓரடி வாட்டம் என்ற கணக்கில், உங்கள் அறுபது அடிக்குக் குறைந்தது ஒன்றரை அடி இறக்கம் தேவை. வாட்டம் சரியாக இருந்தால் குழாயில் நீர் தேங்காது. தேங்காத நீர் உறைந்து குழாயை உடைப்பதில்லை. உறையும் நீர் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பருக்கும் என்பதால், சுவரிலிருந்து வெளியே தெரியும் துண்டுக்கும், நாற்றம் வீட்டுக்குள் ஏறாமல் தடுக்க முற்றத்தில் நீர் நின்றுகொண்டிருக்கும் வளைவான ட்ராப்புக்கும் மட்டும் உறையோ மூடியோ அவசியம். சொட்டும் குழாய்களையும் சரிசெய்துவிடுங்கள். துளித்துளியாக இறங்கும் நீர்தான் கடுங்குளிரில் குழாயின் உள்ளே படிந்து உறையும்.

தென்மேற்குப் பருவமழையில் இந்தப் பள்ளமே ஓடையாகி மணலை அரித்துக்கொண்டு போகும். பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்றாகப் பள்ளத்தின் குறுக்கே களிமண்ணை இறுக்கித் தடுப்பு வையுங்கள். மூடுவதற்கு முன் கீழ்முனையை அடைத்து, குழாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வோர் இணைப்பையும் கையால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டுப்படாவிட்டால் மட்டுமே மண் தள்ளச் சொல்லுங்கள்.